மொட்டைக்கு ஒரு மாமன் மடி

என் மகளின் ஐந்தாம் வயது மொட்டைக்கு ஊருக்குப் போவதாக இருந்த வருஷத்தில்தான் அவளுக்கு அந்த நோய் வந்தது.

எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் பிள்ளைக்கு ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை வயதில் குலசாமிக்கு முடி இறக்குவோம். முதல் இரண்டு மொட்டையும் எங்கள் அய்யனார் கோயில் வேப்பமரத்தடியில் நடந்தது. மூன்றாவதற்காக அவள் தலையில் கத்தரி படாமல் வளர்த்துவந்தேன். நாங்கள் இருந்தது குவைத்தில், மங்காஃபில். வெயில் காலத்தில் அங்கே குழாயைத் திறந்தால் வருவதே வெந்நீர்தான்.

"இந்தச் சூட்டுல எதுக்குடி புள்ளைக்கு இம்புட்டு முடி? குட்டையா வெட்டி விடு" என்று மாடி வீட்டு அக்கா சொல்லிக்கொண்டே இருப்பார்.

"அது எங்க முடி இல்லக்கா, சாமி முடி. நாங்க வளத்து வெச்சிருக்கோம், அம்புட்டுத்தான்" என்பேன்.

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவள். பெரிய விஷயமெல்லாம் தெரியாது. தருகிறேன் என்று சாமியிடம் சொன்னால் தந்தாக வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சவூதியில் ஜுபைலில் ஒரு கெமிக்கல் பிளாண்டில் வேலை பார்த்த என் தம்பியும் அதே மாதம் லீவு கேட்டிருந்தான். தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கம் மொட்டை கிடையாது. முதல் இரண்டு தடவையும் அவன் மடியில்தான் அவள் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள்.

அதற்குள் காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு வந்தது. காலில் நீலம் நீலமாகத் தடம். ஸ்கூலில் விழுந்தாயா என்றால் இல்லை என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்த கிளினிக்காரர்கள் எங்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு, பிள்ளைகளுக்கான கேன்சர் வார்டுக்கு அனுப்பினார்கள்.

அங்கேதான் அந்த டாக்டரைப் பார்த்தோம். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அரபு நாட்டு ஆஸ்பத்திரியில் ஒருவர் தமிழில் "இருங்கோ" என்றதுமே நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அவர் சொன்னதை என் பிள்ளைக்கு நேராக எழுத எனக்கு இன்றைக்கும் மனசு வரவில்லை. ரத்தத்தில் வரும் புற்று. அவ்வளவு போதும்.

"இது வந்தால் எல்லாம் முடிஞ்சுது எண்டில்லை" என்றார். "கனக்கப் பிள்ளையள் சுகமாகிப் போயிருக்கினம். ஆனால் கன காலம் எடுக்கும். ரெண்டு வருஷத்துக்கு மேல மருந்து. வாந்தி வரும். வாயெல்லாம் புண்ணாகும். முடி கொட்டும்."

என் வீட்டுக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் கேட்டேன்: "எப்பக் கொட்டும் சார்?"

"என்ன?"

"முடி. மருந்து ஏத்துனா எப்பக் கொட்ட ஆரம்பிக்கும்?"

"ரெண்டு மூண்டு கிழமையில."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? புள்ள பொழைக்குமான்னு கேக்காம மயிரைக் கேக்குற?"

"பொழைக்க வைக்கிறதச் சாமியும் டாக்டரும் பாத்துக்குவாக. முடியை நான்தானே பாக்கணும்?"

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த வார்டில் முதல் நாளே பார்த்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் பையனின் தலையணையில் கொத்துக் கொத்தாக முடி. துப்புரவு செய்கிறவர் அதை ஒட்டுத்தாளில் ஒற்றி எடுத்து மஞ்சள் நிறக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினார். ஊசியும் பஞ்சும் போகிற பை. என் அய்யனாருக்கு என்று சொல்லிவைத்தது அந்தப் பைக்குள் போவதா? நோய் என் பிள்ளையின் ரத்தத்துக்குள் யாரையும் கேட்காமல் புகுந்துவிட்டது. சரி, அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இந்த முடியைத் தொட விடமாட்டேன். அது வேறொருவருக்குச் சொன்ன பொருள். மருந்து கொட்ட வைப்பதற்குள் நானே இறக்கிவிடுவேன். மனசுக்குள் அய்யனாரிடம் அப்போதே சொல்லிவிட்டேன்: கோயிலுக்கு வர வழியில்லை, இங்கேயே எடுத்து உன் பேரில் முடிந்து வைக்கிறேன், நீ வாங்கிக்கொள்.

தம்பிக்குப் போன் கார்டு போட்டுக் கூப்பிட்டேன். அவனுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

"லீவு கெடைச்சிருச்சான்னு கேக்கத்தான அக்கா கூப்புட்ட? பிளாண்டை நிறுத்திப்போட்டு ஷட்டவுன் வேலை நடக்குது. முடியிற வரைக்கும் லீவ் மாஃபி, கெடையாதுன்னுட்டான். பாஸ்போர்ட்டு கபீல் மொதலாளிகிட்ட கெடக்கு. விடு, மொட்டையை அடுத்த வருஷம் வெச்சுக்குவோம்."

"அடுத்த வருஷம் வரைக்கும் முடி நிக்காதுடா."

"ஏன், அதுக்குக் காலு மொளைச்சிருக்கா?"

சொன்னேன். அந்தப் பக்கம் மிஷின் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. கார்டில் பணம் தீர்ந்து லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு குரல் வந்தது.

"குவைத்துக்கு விசாவும் இல்ல, இங்கருந்து விடவும் மாட்டான். நான் என்னக்கா செய்ய? என் மடி இங்க கெடக்குது."

"மடிக்கு நான் வழி பண்றேன். நீ சம்மதம் மட்டும் சொல்லு."

"யாரு மடி?"

அது எனக்கும் அப்போது தெரியாது. வீட்டுக்காரரின் கம்பெனி ஆட்கள் வருவார்கள்தான். ஆனால் அந்த வார்டுக்குள் தாயும் தகப்பனும் தவிர யாரையும் விட மாட்டார்கள். என் வீட்டுக்காரரை விட்டால், உள்ளே இருக்கிற ஆம்பளைகளில் தமிழ் பேசுகிறவர் ஒரே ஒருவர்தான்.

அந்த டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தினமும் காலையில் வந்து கை கழுவுவார். கழுவிய கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே கட்டில் கட்டிலாக வருவார். எப்படி இருக்கிறாய் என்று எந்தப் பிள்ளையையும் கேட்க மாட்டார். "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்றுதான் கேட்பார். அரபுப் பிள்ளையானால் அரபியில், எங்களைப் போன்றவர்களிடம் தமிழில். பதிலுக்கு "ஒண்ணும் சாப்பிடல" என்றால் தான் காலையில் என்ன சாப்பிட்டார் என்று ஒரு பெரிய கதை சொல்வார். இடியாப்பம், சொதி, சம்பல் என்று அவர் சொல்லச் சொல்ல எங்களுக்கே பசிக்கும். பிள்ளைகளை யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பெண் பிள்ளை என்றால் ராசாத்தி, ஆண் பிள்ளை என்றால் ராசா. அரபுப் பிள்ளைக்கும் அதேதான். யாரையும் தூக்கவும் மாட்டார், மடியில் வைக்கவும் மாட்டார். பிள்ளை கையை நீட்டினால் ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்துவிட்டு ஒரு அடி தள்ளி நிற்பார்.

இன்னொன்று, வலிக்காது என்று ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டார். முதல் தடவை என் மகளுக்கு முதுகில் ஊசி போட வந்தபோது, "வலிக்காதுடி தங்கம், எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்றேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, பொய் சொல்லாதேங்கோ. நாளைக்கும் நான்தான் குத்த வேணும். இண்டைக்கு ஏமாத்தினால் நாளைக்கு இந்தப் பிள்ளை என்னை நம்பாது." அவள் பக்கம் திரும்பி, "ராசாத்தி, வலிக்கும். நான் பத்து எண்ணி முடிக்க முதல் நிண்டிடும். சத்தம் போடலாம். அசையக் கூடாது" என்றார். அவள் சத்தம் போட்டாள். அசையவில்லை.

அவருடைய அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். முதலில் மொட்டை.

"ரேசர் ஏலாது" என்றார் உடனே. "ரத்தம் உறையிற அணு இவவுக்குக் குறைவு. ஒரு கீறல் பட்டாலும் நிக்காது. கிருமி உள்ளுக்குப் போகும். மெஷின் எண்டால் சரி. புது மெஷின். நான் பாத்துத்தான் விடுவன்."

"சரி சார். சந்தனம் தடவலாமா?"

"இல்லை."

"துன்னூறு?"

"இல்லை அம்மா."

"ஒரு பொட்டு?"

"பொட்டும் இல்லை." கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் நல்லாப் பேரம் பேசுவியள் போல. வேற என்ன?"

"மடி சார்."

அவருக்கு விளங்கவில்லை. தாய்மாமன் முறையைச் சொன்னேன். தம்பி வர முடியாததைச் சொன்னேன். நீங்கள் மடியில் வைத்துக்கொண்டால் போதும், என் வீட்டுக்காரர் எடுத்துவிடுவார் என்றேன். அவர் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் மடி என்றதும் சிரிப்பு போய்விட்டது.

"அது மட்டும் வேண்டாம்."

"ஏன் சார்? நாங்க ஏழை பாழைன்னா?"

"சீச்சீ, என்ன கதை இது! இருங்கோ." எதிர் நாற்காலியைக் காட்டினார். "நான் இஞ்ச ஒரு பிள்ளையையும் மடியில வைக்கிறேல்ல. மாமா, பெரியப்பா எண்டு ஒருத்தரையும் கூப்பிட விடுறேல்ல. தொடக்கத்தில வைச்சனான். முறை சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைக்கு ஊசி போடேக்க கை கேக்காது. கை கேக்காட்டி நான் டொக்டர் இல்லை. அப்பிடியான பிள்ளை ஒண்டு போயிட்டுதெண்டால் அடுத்த நாள் காலமை அடுத்த கட்டிலுக்குப் போக வேணும், என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேக்க வேணும். விளங்குதோ?"

விளங்கியது. விட மனசில்லை.

"சார், நீங்க தப்பா வெச்சிருக்கீக. கொஞ்சுறதுக்கு ஆத்தா மடி இருக்கு, அப்பன் தோளு இருக்கு. மாமன் மடி அதுக்கில்ல. எங்க பக்கம் ரெண்டு காரியத்துக்குத்தான் மாமன் மடியில உக்கார வைப்போம். காது குத்துறப்ப, மொட்டை போடுறப்ப. வலிக்கிறப்ப உக்கார்ற எடம் அது. பெத்தவளுக்குக் கை நடுங்கும்னுதான் கூடப் பொறந்தவனைப் புடிக்கச் சொல்றது. முறை இருக்கறதாலதான் சார் கை நிக்கும். நீங்க என்னடான்னா முறை வந்தா நடுங்கும்கிறீக."

அப்போதுதான் பார்த்தேன், அவருடைய காது மடலில் தூர்ந்துபோன ஒரு புள்ளி.

"உங்க காதுலயும் குத்தியிருக்கே சார். யாரு மடியில உக்காந்தீக?"

அவர் கை தன்னால் காதுக்குப் போனது. தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார், வேறு மாதிரி.

"என்ர மாமாட மடிதான். எங்கட ஊரிலயும் உதே முறைதான். அவர் சரியான கோபக்காரன். நான் அவற்ற கையைக் கடிச்சுப்போட்டன். ரத்தம் வந்தது."

"விட்டாரா?"

"எங்க விட்டவர்! ரெண்டு காதும் குத்தி முடியும் வரைக்கும் விடேல்ல."

அவ்வளவுதான் பேச்சு. எழுந்து நாட்காட்டியைப் பார்த்தார். "திங்கக்கிழமை காலமை எட்டு மணிக்கு வையுங்கோ. ரவுண்ட்ஸுக்கு முதல்."

"திங்கக்கெழமை எட்டு மணி ராகு காலம் சார்."

"குவைத் நேரப்படியோ, இந்தியா நேரப்படியோ?"

"சாமிக்கு எல்லா ஊரு நேரமும் ஒண்ணுதான். ஒம்பதுக்கு மேல வைங்க."

"சொன்னன்தானே, பேரம் பேசுவியள் எண்டு."

என் வீட்டுக்காரர் பஹாஹீல் சூக்குக் கடைவீதியில் புது டிரிம்மர் வாங்கிவந்தார். கல்யாணத்துக்கு முன்னால் கேம்ப்பில் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் ரூம் ஆட்களுக்கெல்லாம் அவர்தான் முடி வெட்டுவார். அந்தக் கைதான் அன்றைக்கு உதவியது. நான் ஒரு புது வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்துக் காய வைத்து எடுத்துப்போனேன். மலையாளத்து சிஸ்டர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"சேச்சி, இது இப்படியே உள்ளே பற்றில்ல, கூடாது." கிருமி போக நீராவியில் வைத்து எடுத்துத் தந்தார். மஞ்சள் வெளிறிப்போய், பழைய சேலை மாதிரி வந்தது. என் அய்யனாருக்கு நிறம் தெரியும் என்று வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மேல் ஊசி போடுகிற அறையில் நாற்காலி போட்டார்கள். தேங்காய் இல்லை, வெற்றிலை இல்லை, கற்பூரம் கிடையவே கிடையாது. எல்லோரும் நீலக் கவுனும் முகமூடியும் போட்டுக்கொண்டோம். டாக்டர் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதமே எனக்கு வேடிக்கையாக இருந்தது. பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி முட்டியைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மகளைத் தூக்கி அந்த மடியில் வைத்தேன். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்குமா?"

"இது வலிக்காது, ராசாத்தி."

அவள் சந்தேகமாக என்னைப் பார்த்தாள். அந்த ஆள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை.

"மெய்யாத்தான். வலிக்காத விஷயம், அதாலதான் வலிக்காது எண்டு சொல்லுறன்."

சிஸ்டர் மொபைலை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டார். ஜுபைலிலிருந்து என் தம்பி. பின்னால் யாரோ "யல்லா, யல்லா!" என்று விரட்டுகிற சத்தம்.

"டாக்டர் சார், வணக்கம். மொதல்ல மூணு இணுக்கு மாமன் கையால எடுக்கணும். அப்புறந்தான் மெஷின் வைக்கணும்."

"எந்தப் பக்கம் முதல், தம்பி?"

"வலது பக்கம் சார். சார், ஒண்ணு சொல்லிப்புடறேன். மடி உங்களோடது. சீரு நான்தான் செய்வேன். புதுத் துணி நீங்க எடுத்துறக் கூடாது."

"நான் உங்கட உரிமையில கை வைக்க மாட்டன்."

"மாமா, ஆர் யூ க்ரையிங்?" என்று என் மகள் போனைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்லடா மருமகளே. இங்க மணல் காத்து."

டாக்டர் முனை மழுங்கிய கத்தரியால் மூன்று இணுக்கு எடுத்தார். எடுத்த ஒவ்வொன்றையும் மஞ்சள் துணியில் கீழே சிந்தாமல் வைத்தார். ஊசி பிடிக்கிற அதே கை, அதே நிதானம். அப்புறம் மிஷின் ஓடியது. "இட்ஸ் டிக்லிங்!" என்று அவள் நெளிய, அவர் அவளுடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். என் பிள்ளையின் முதுகளவு முடி ஒன்று விடாமல் துணிக்கு வந்தது. தரையில் விழுந்த இரண்டு மூன்றையும் நான் பொறுக்கி எடுத்தேன். அய்யனாரே, ஒப்புக்கொண்டபடி தந்துவிட்டேன், பிள்ளையை ஒப்படைத்துவிடு என்று முடிச்சுப் போட்டேன். அப்படிக் கேட்டதில் எனக்கு வெட்கமில்லை. கடன் தீர்த்தவள் கேட்கிற மாதிரி நேராக நின்றுதான் கேட்டேன்.

முடிந்ததும் சிஸ்டர் ஒரு அழகான ரோஸ் நிறத் தொப்பி கொண்டுவந்தார். வார்டில் எல்லாப் பிள்ளைக்கும் கொடுப்பார்கள்.

"வேணாம் சிஸ்டர். பறிகொடுத்தவுகதான் மறைக்கணும். நாங்க குடுத்துட்டு வந்திருக்கோம்."

மற்றவர்கள் போட்டுக்கொண்டதை நான் குறை சொல்லவில்லை. அது அவரவர் மனசு. ஆனால் என் மகள் அந்த வராந்தாவில் சலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு மொட்டைத் தலையோடு நடப்பாள். யாராவது பாவம் என்கிற மாதிரி பார்த்தால், "சாமிக்குக் குடுத்தாச்சு" என்பாள், ஸ்டிக்கர் கொடுத்ததைச் சொல்கிற மாதிரி. பக்கத்துக் கட்டில் பையனின் தாய், கறுப்பு அபாயா போட்ட அரபுக்காரி, ஒரு நாள் அவள் தலையைக் காட்டி என்னிடம், "ஹஜ்?" என்று கேட்டாள். ஹஜ்ஜுக்குப் போனால் முடி இறக்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு அரபி தெரியாது. அவளுக்குத் தமிழ் தெரியாது. நான் கையை மேலே காட்டி, "ஆமா, அது மாதிரிதான்" என்றேன். அவள் என் மகளின் தலைக்கு மேலே, தொடாமல், கையை வைத்து "மாஷா அல்லா" என்றாள். என் ஊர்க்காரர்களுக்குக்கூட நான் இவ்வளவு சுருக்கமாக விளங்க வைத்ததில்லை.

டாக்டர் சொன்ன மாதிரியே இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டுகிற காலம் வந்தது. மருந்து வந்து என் பிள்ளையின் தலையைப் பார்த்தது. எடுத்துக்கொள்ள என்ன இருந்தது? முளைத்திருந்த பொடி முடி தலையணையில் மிளகுத்தூள் மாதிரி உதிர்ந்தது. போகட்டும். அது யாருக்கும் சொல்லாத முடி. குப்பைப் பைக்குள் தாராளமாகப் போகட்டும் என்று நானே ஒட்டுத்தாளால் ஒற்றிப் போட்டேன்.

ஆனால் நோய் தலையில் தோற்றால் வேறு இடத்தில் பார்க்கும். வாயெல்லாம் புண். தண்ணீர் இறங்கவில்லை. காய்ச்சல் ஏறி இரண்டு முறை எங்களைத் தனி அறையில் போட்டார்கள். அதிலிருந்து மீண்டு வந்த பிறகு அடுத்த முதுகு ஊசிக்கு நாள் வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் வேறு டாக்டர். இளம் வயது, எகிப்துக்காரர், நல்ல மனிதர். என் மகள் கதவைப் பார்த்தாள். "மாமா எங்க?" என்றாள். மொட்டையிலிருந்து டாக்டர்தான் அவளுக்கு அங்கே மாமா.

வெளியே போய்ப் பார்த்தேன். தண்ணீர் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், கையில் வெறும் கப்பை வைத்துக்கொண்டு.

"என்ன சார், இங்க நிக்கிறீக?"

"அவரும் நல்லாச் செய்வார், அம்மா. என்னை விடக் கெட்டிக்காரன்."

"நான் கெட்டிக்காரரைத் தேடி வரல. மாமனைத் தேடி வந்தேன்."

"இதுக்குத்தான் நான் அண்டைக்கே மாட்டன் எண்டனான்." கப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காய்ச்சல் வந்து அவ அந்தத் தனி அறையில கிடக்கேக்க நான் வீட்டை போய் என்ன செய்தன் தெரியுமோ? பால்கனியில ஒரு கறிவேப்பிலைக் கண்டு வைச்சிருக்கிறன். அதுக்குத் தண்ணி ஊத்தினன். ஊத்திப்போட்டு, பிறகு மறந்துபோய்த் திரும்பவும் ஊத்தினன். திரும்பவும் ஊத்தினன். இப்பிடி ஒரு ஆளிட்டக் குடுத்தே உங்கட பிள்ளைக்கு ஊசி குத்துவிப்பியள்?"

ஒரு தாய் ஒரு டாக்டருக்குத் தைரியம் சொல்வதா? சொல்லத்தான் வேண்டும் என்று பட்டது.

"நீங்க கடிச்சப்ப உங்க மாமாவுக்கு ரத்தம் வந்துச்சே சார். அவரு கையை எடுத்தாரா?"

அவர் என்னைப் பார்த்தார். நன்றாகக் கோபம் வந்துவிட்டது. கப்பைக் கசக்கிக் குப்பையில் போட்டார். "வாங்கோ" என்றுகூடச் சொல்லாமல் முன்னால் நடந்தார். போய்க் கை கழுவினார். எப்போதும் கழுவுவதைவிட நீளமாகக் கழுவினார். எகிப்துக்காரர் சிரித்துக்கொண்டே தட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்.

என் மகளைச் சுருட்டிப் படுக்க வைத்து முட்டியையும் கழுத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, நானும் உங்களைக் கடிக்கலாமா?" அந்தக் கதையை அவளுக்கு நான்தான் சொல்லியிருந்தேன்.

"கடிக்கிறதெண்டால் அம்மாவைக் கடி. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

"வலிக்குமா?"

"ஓம். வலிக்கும்."

"சரி" என்றாள்.

அவர் குத்தினார். நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஊசியைப் பார்க்கவில்லை. அந்தக் கை கோயில் கல்தூண் மாதிரி நின்றது. என் மகள் என் முன்கையைக் கடித்தாள். நானும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊசி. எல்லாவற்றையும் அவரேதான் போட்டார். மற்றப் பிள்ளைகளும் அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அரபுப் பையன்களும் "மாமா, மாமா" என்றார்கள், அது என்ன சொல் என்றே தெரியாமல். முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு பழகிவிட்டது. அந்தப் பிள்ளைகளில் சிலர் பிழைக்கவில்லை. அப்படிப்பட்ட நாளுக்கு மறுநாள் காலையிலும் அவர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்றார். நாங்களும் பதில் சொன்னோம். அந்த வார்டில் நோயோடு எங்கள் சண்டை அதுதான். யாரும் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை.

மஞ்சள் மூட்டை எங்கள் மங்காஃப் வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில், மருந்து ஓடிய காலமெல்லாம் இருந்தது. மருந்து நிறுத்தி, ரத்த அணுக்கள் அளவு சரியாக நின்று, போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அது ஊருக்கு வந்தது. பெட்டியில் போடவில்லை. என் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அந்த வருஷம் அவளுக்கு ஏழாம் வயது. புதிதாக முளைத்த முடி சுருள் சுருளாகத் தோள் வரைக்கும் இருந்தது. என் தம்பி ஜுபைலிலிருந்து முன்கூட்டியே வந்து, வேப்பமரத்தடியில் சம்மணம் போட்டு, மடியைத் தட்டி வைத்துக்கொண்டிருந்தான். "இந்தத் தடவை எவனையும் விட மாட்டேன்" என்றான். மொட்டை போட்டோம், சவரக்கத்தியால். தலை முழுக்கச் சந்தனம் அப்பினேன். குவைத்தில் பொட்டு அளவுக்குக்கூடக் கிடைக்காத சந்தனத்தை அரைத்து அரைத்து அப்பினேன்.

பூசாரி மஞ்சள் மூட்டையை வாங்கி எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார். "இது எப்பத்தது?"

"அஞ்சாம் வயசுது."

"அப்ப ரெண்டு வருஷம் தாமதமாக்கிப்புட்டியே ஆத்தா. சாமிக்குச் சொன்னதைத் தள்ளிப் போடலாமா?"

என் தம்பி வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"தள்ளிப் போடல பூசாரி. அஞ்சாம் வயசுல, அந்த நேரத்துலயே, மாமன் மடியில வெச்சுக் குடுத்தாச்சு. கொண்டாந்து சேக்கத்தான் நாளாச்சு" என்றேன்.